நூல் கட்டிய பன்னிரண்டு மூக்குக்கண்ணாடிகள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் ஆண்டவர் கிருபையில் மூச்சும் முழங்காலுமாக இருக்கிறோம், மூச்சைப் பற்றிக் குறையில்லை, முழங்கால் எங்கெல்லாம் நடந்தது என்பது இந்தக் கடிதத்தில் வரும். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் முழங்கால் வலி மட்டும் இல்லாமல் மற்ற எல்லாச் சுகத்தோடும் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ அனுப்பிய போட்டோ போன மாதமே வந்துவிட்டது. பள்ளிக்கூட மேடையில் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு கோப்பையோடு நிற்கிறார்கள், அதில் இடது பக்கம் நம் பேத்தி என்ன அடக்கமாக, தலையை லேசாகச் சாய்த்து நிற்கிறாள், அப்படியே என்னைப் போல என்று சபையில் எல்லோருக்கும் காட்டினேன், இரண்டு பேருக்கு இரண்டு தடவை காட்டினேன். என் போன கடிதத்தில் எழுத்தெல்லாம் கோட்டை விட்டு இறங்கிக் காகிதத்தின் ஓரத்துக்கு ஓடுகிறது, அம்மாவுக்குக் கை நடுங்குகிறதா என்று அப்பாவிடம் கேட்டாயாம். கை நடுங்கவில்லை. என்ன காரணம் என்று சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் சொல்லியாக வேண்டும். போனில் சொன்னால் நீ நடுவில் நடுவில் கேள்வி கேட்பாய், வரிசை குலைந்துபோகும், இந்த விஷயத்தில் வரிசைதான் முக்கியம், அதனால்தான் கடிதம்.

முதலில் உன் தம்பி விஷயம். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் வாயால் நான் முழுசாகச் சொன்னதில்லை, நீ போனில் அவனைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வைத்துவிடுவேன். எங்கள் வீட்டில் அத்தனை நாள் எதுவும் தீயவில்லை. அவன் போதகர் படிப்புக்குப் போன அன்றைக்கே நான் தையல்காரரிடம் அவனுக்கு வெள்ளை அங்கிக்கு அளவு கொடுத்துவிட்டேன், அவன் இரண்டாம் வருஷத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அங்கி தைத்து, மடித்து, அலமாரியில் இருந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவன் சொன்னான், "அம்மா, மேடையில ஏறினா எனக்கு நாக்கு ஒட்டிக்குது. நான் கண்ணாடிக் கடை வைக்கப் போறேன். கண்ணு தெரியாதவங்களுக்கு எழுத்து தெரிய வச்சா எனக்கு அது போதும்மா" என்று. நான் ஊர் முழுக்க என் மகன் போதகர், என் மகன் போதகர் என்று சொல்லி வைத்திருந்தேன். அந்த மானம் போகிற கோபத்தில், "ஆத்துமாவ விட்டுட்டுக் கண்ணாடி தொடைக்கப் போறியா? இந்த வீட்டுக்கு வந்தா அங்கியோட வா, இல்லன்னா வராதே" என்றேன். அவன் சொன்னபடியே செய்கிற பிள்ளை. வரவில்லை. இரண்டு வருஷம் மூன்று மாதம். அடுத்த தெருவில்தான் கடை. அப்பா மூக்குக்கண்ணாடி மட்டும் நடுவில் இரண்டு தடவை புதிதாகிவிட்டது, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் மேசை மேல் கிடந்தது என்பார். நானும் எந்த மேசை என்று கேட்கவில்லை.

இப்போது சபை விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குப் புதிதாக ஒரு போதகர் வந்திருக்கிறார், நல்ல மனுஷர், எந்த வேலையையும் நோட்டில் எழுதாமல் செய்ய மாட்டார். எங்கேயோ போய் ஒரு பயிற்சி எடுத்துவிட்டு வந்து, சீடத்துவம் என்றால் என்ன என்று நம் சபையில் எவருக்கும் தெரியவில்லை, பெஞ்சியில் உட்கார்ந்து கேட்டால் அது தெரியாது, ஒருவர் பின்னால் நடந்தால்தான் தெரியும், அதனால் ஆறு நாள் வகுப்பு என்று அறிவித்தார். பெயர் கொடுத்தது சரியாகப் பன்னிரண்டு பேர். ஆண்டவருக்கும் பன்னிரண்டு சீடர்தானே, எண்ணிப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரையும் சேர்த்துத்தான் பன்னிரண்டு என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஒரு பிஸ்கட் டப்பாவில் எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதிப் போட்டு ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார். எடுத்த சீட்டில் யார் பெயரோ அவருக்கு நீங்கள் ஆறு நாள் சீடர், காலையில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அவர் பின்னால் நடக்க வேண்டும், அவர் செய்வதைச் செய்ய வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. தாழ்மைக்காகத் தன் பெயரையும் டப்பாவில் போட்டு, தாழ்மைக்காகத் தானும் ஒரு சீட்டு எடுத்தார். எனக்கு வந்தது நம் மணியடிக்கிறவர் பெயர். போதகருக்கு வந்தது என் பெயர். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குப் பட்டம் வாங்கிய சீடர், எனக்குப் பெருமை தாங்கவில்லை என்பதை மறைக்க மாட்டேன், அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

சீட்டெல்லாம் எடுத்து முடிந்ததும் எல்லோரும் கோயில் முற்றத்துக்கு வந்து நின்றோம். நின்றோம் என்றால் நின்றோம். நான் மணியடிக்கிறவர் நகரட்டும் என்று பார்க்கிறேன், அவர் தச்சர் நகரட்டும் என்று பார்க்கிறார், தச்சர் குடைக்காரம்மாவைப் பார்க்கிறார், வெயிலோ மழையோ எப்போதும் குடையோடு வருவாளே அவள்தான். இப்படியே போய் நர்ஸ் போதகரைப் பார்க்கிறாள், போதகர் பக்தியோடு என் முதுகைப் பார்க்கிறார். ஒன்றரை மணி நேரம் ஒருவரும் அசையவில்லை. போதகர் அதை ஆழ்ந்த அமைதி என்று நோட்டில் எழுதிக்கொண்டார். நான் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் யாருக்குப் பின்னால் யார் என்று கோடு போட்டுப் பார்த்தேன். கோடு பன்னிரண்டு பேரையும் தொட்டுக்கொண்டு போய் என்னிடமே திரும்பி வந்தது. முன்னால் என்று ஒரு ஆளே இல்லை. எல்லோரும் சீடர்கள், குருவைக் காணோம். இதைப் போதகரிடம் காட்டலாம் என்றால் திரும்பிப் பார்க்கக் கூடாது. கால் மரத்துப்போனது, வீட்டில் ஊறப்போட்ட துணி ஞாபகம் வந்தது, நான் பாட்டுக்கு வீட்டைப் பார்த்து நடந்தேன். அவ்வளவுதான், போதகர் என் பின்னால், நர்ஸ் அவர் பின்னால், தையல்காரர் நர்ஸ் பின்னால் என்று மொத்தச் சங்கிலியும் அசைந்தது. நான் யாரைப் பின்பற்ற வேண்டுமோ அந்த மணியடிக்கிறவர் எனக்குப் பதினோராவது ஆளாகக் கடைசியில் வந்தார். வீட்டில் நான் துணி அலசினேன். போதகர் என் கையிலிருந்து ஒரு துண்டை வாங்கி அலசினார். அவர் அலசினதை நர்ஸ் அலசினாள். ஒரே துண்டைப் பதினோரு பேர் வரிசையாக அலசி, கடைசியில் அது துண்டாக இல்லை. உன் அப்பா பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு, "இந்தச் சீடத்துவம் வாராவாரம் உண்டா? ஜமுக்காளம் ரெண்டு கெடக்கு" என்றார்.

செவ்வாய்க்கிழமை டிப்போ பக்கத்துக் காய்கறிக் கடைக்குப் போனேன். காய்கறிக்காரர் தக்காளியில் நாலு நசுங்கினதைத் தள்ளிவிடுவார் என்று உனக்குத் தெரியும், நான் வழக்கம்போல, "என்னய்யா, எனக்குக் கண்ணு இல்லன்னு நெனச்சியா?" என்று ஒரு அதட்டல் போட்டேன். போட்டுவிட்டு நகர்ந்தால், பின்னால் போதகர் அதே குரலில், "என்னய்யா, எனக்குக் கண்ணு இல்லன்னு நெனச்சியா?" என்கிறார். அப்புறம் நர்ஸ். அப்புறம் தையல்காரர். அந்த மனுஷர் எட்டாவது ஆளுக்குத் தராசை இறக்கி வைத்தார், பத்தாவது ஆளுக்குக் கடையைச் சாத்தினார், சாத்தின கதவைப் பார்த்து மணியடிக்கிறவர் தன் பங்கைச் சொல்லிவிட்டு வந்தார். அவரும் பாவம், வீட்டில் பூனையைக்கூட அதட்ட மாட்டார். என் குரல் வெளியே எப்படிக் கேட்கிறது என்று அன்றைக்குத்தான் பதினோரு தடவை கேட்டேன். முதல் இரண்டு தடவை சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

இதில் ஒரு விஷயம் உனக்குச் சொல்ல வேண்டும். கோயிலிலிருந்து நம் வீட்டுக்குக் கடைத்தெரு வழியாக வந்தால் நாலு நிமிஷம். அந்தத் தெருவின் நடுவில்தான் உன் தம்பியின் கண்ணாடிக் கடை, அதனால் நான் அந்தத் தெருவில் கால் வைப்பதில்லை. ஐஸ் ஃபாக்டரியைச் சுற்றி, மரக்கடை பின்னால் போய், பஸ் டிப்போ மதிலை ஒட்டி வந்தால் இருபத்திரண்டு நிமிஷம், அப்படித்தான் இரண்டு வருஷமாகப் போய் வருகிறேன். இப்போது பன்னிரண்டு பேரும் அப்படிப் போனோம், வந்தோம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கக் கூடாதே. போதகர் நோட்டில், குறுக்கு வழியைத் தவிர்த்தல், வேதம் சொல்கிற இடுக்கமான பாதை, என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்ததை நர்ஸ் பார்த்திருக்கிறாள். அது இடுக்கமான பாதை இல்லையப்பா, அது என் வீம்பு, என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் அத்தனை மதிப்போடு என் முதுகைப் பார்த்து நடக்கிறார், ஒரு ஆள் நம்மை அப்படிப் பார்க்கும்போது கெடுக்க மனசு வருமா சொல்.

அடுத்தது மூக்குக்கண்ணாடி. என் கண்ணாடியில் காதில் மாட்டுகிற கம்பி ஒரு பக்கம் ஒடிந்து ஒரு வருஷம் ஆகிறது. பவரும் எப்போதோ மாறிவிட்டது. இந்தப் பக்கத்தில் கண்ணாடிக் கடை என்றால் உன் தம்பி கடை ஒன்றுதான், அதனால் கறுப்பு நூலைக் கட்டிக் காதில் சுற்றிக்கொள்வேன். புதன்கிழமை காலையில் போதகர் நல்ல கண்ணாடியின் கம்பியைக் கழற்றிவிட்டு நூல் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். "ஐயா, இது ஒடஞ்சதுக்குக் கட்டினதுய்யா, இதையெல்லாம் செய்யாதீங்க" என்று கெஞ்சினேன். "இல்லம்மா, நான் சீடன்" என்றார். வியாழக்கிழமைக்குள் எல்லோர் காதிலும் நூல். கண்ணாடியே போடாத நர்ஸ் வெயில் கண்ணாடியில் கட்டினாள். தச்சருக்குக் கழுகுப் பார்வை, அவருக்கு மூக்கில் வைக்க ஒன்றுமில்லை, என்ன செய்தார் தெரியுமா, புதன்கிழமை சாயங்காலம், வகுப்பு நேரம் இல்லாத நேரமாகப் பார்த்து உன் தம்பி கடைக்கே போய், பவர் இல்லாத கண்ணாடி ஒன்று கொடுங்கள், ஒரு பக்கக் கம்பியை எடுத்துவிட்டு நூல் கட்டிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அவன் எதற்கு என்று கேட்க, இவர் ஆதியோடந்தமாக, உங்கள் அம்மா முன்னால் போகிறார்கள், அவர்கள் கண்ணாடியில் நூல் இருக்கிறது, நாங்கள் ஐஸ் ஃபாக்டரி வழியாகப் போகிறோம், எல்லாம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். இது எனக்கு அப்போது தெரியாது.

வெள்ளிக்கிழமை வந்தது. டிப்போ பக்கம் போகிற வழியில் குழாய் போடுவதற்குத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். மரக்கடைப் பக்கம் லாரி குறுக்கே நின்று பலகை இறக்கிக்கொண்டிருந்தது. நடுவில் அந்த வட்டச் சந்திப்பு இருக்கிறதே, நாலு ரோடு சேருகிற இடம், அங்கே வந்து மாட்டிக்கொண்டேன். வந்த ரோடு ஒன்று, தோண்டின ரோடு ஒன்று, லாரி நிற்கிற ரோடு ஒன்று, நாலாவது கடைத்தெரு. அதில் நான் போக மாட்டேன். நின்றால் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், அதனால் வட்டத்தைச் சுற்றினேன். ஒரு சுற்று முடிகிற இடத்தில் எனக்கு முன்னால் ஒரு முதுகு தெரிந்தது, பார்த்தால் நம் மணியடிக்கிறவர். ஐந்து நாளில் அப்போதுதான் முதல்முறையாக நான் என் சீட்டின்படி நடந்தேன். எல்லோரும் எல்லோர் பின்னாலும் இருந்தோம், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் எங்கேயும் போகவில்லை. மூன்று சுற்று, நாலு சுற்று. வேதத்தில் வருகிற மாதிரி ஏழாவது சுற்றில் ஏதாவது மதில் விழும் என்று தையல்காரர் எதிர்பார்த்ததாக அப்புறம் சொன்னார். நடுவில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் விசில் ஊதிப் பார்த்தார், நாங்கள் நிற்கவில்லை, எதிரில் வந்து, "யாருங்க இங்க தலைவரு?" என்று கேட்டார். தச்சர் முன்னால் இருந்த குடைக்காரம்மாவைக் காட்டினார். அவள் குடையால் முன்னால் காட்டினாள். ஒவ்வொருவராக முன்னால் முன்னால் என்று காட்ட, அவரும் கேட்டுக்கொண்டே கூடவே நடந்து ஒரு முழுச் சுற்று வந்துவிட்டார், ஒரு கார்க்காரர் அவரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார்.

கடைசியில் என் பக்கத்துக்கு வந்து, மூச்சு வாங்க, "ஏம்மா, அந்த ரோடு காலியாத்தானே கெடக்கு, அதுல போயிடலாமே?" என்றார். நான் அது வேண்டாம் என்றேன். ஏன் என்றார். ஐந்து நாளாக யாரும் கேட்காத கேள்வி. அப்போது பின்னால் போதகர், மெதுவாக, "ஏன்னு கேக்கக் கூடாதுன்னு நாந்தாம்மா சொன்னேன். ஆனா கால் ரொம்ப வலிக்குது" என்றார். விதியை மீறித் திரும்பிப் பார்த்தேன். போதகர் முகம் சிவந்து நிற்கிறார், அவருக்கு என் கண்ணாடியின் பவர் எவ்வளவு என்று தெரிந்திருந்தால் அதையும் மாட்டியிருப்பார். நர்ஸ் ஒரு காலை இழுத்து இழுத்து வருகிறாள், அவள் முந்தின நாள் முழுக்க வார்டில் நின்றவள். எல்லோர் காதிலும் கறுப்பு நூல் தொங்குகிறது. என் வீம்பு எனக்குத் தெரியும், அதை நான் மனசுக்குள் ஒரு டப்பாவில் மூடி வைத்திருப்பதாகத்தான் நினைத்தேன். அது இத்தனை கால் முளைத்து, நடு ரோட்டில், எல்லோரும் பார்க்க, வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொன்றும் தோன்றியது மகளே. நாற்பது வருஷமாக நான் ஆண்டவர் பின்னால் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஐஸ் ஃபாக்டரி வழியாகப் போகும்போது எனக்கு முன்னால் அவர் முதுகு தெரிந்ததா என்று ஒரு நாளாவது பார்த்தேனா? அவர் அந்த வழியாக வந்தே இருக்க மாட்டார். அந்தத் தெருமுனையில் அவர் தினமும் கடைத்தெருவுக்குள் திரும்பியிருக்கிறார், இரண்டு வருஷம் மூன்று மாதமாக நான் அவரை அங்கேயே விட்டுவிட்டு நேராகப் போயிருக்கிறேன், போய்க்கொண்டே பின்பற்றுகிறேன் பின்பற்றுகிறேன் என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

திரும்பினேன். கடைத்தெருவுக்குள் கால் வைத்தேன். மணியடிக்கிறவர் பாட்டுக்கு வட்டத்தில் போய், சுற்றி வந்து, தச்சர் பின்னால் கடைசியில் சேர்ந்துகொண்டார். போலீஸ்காரரும் வந்தார், ஏன் என்று கேட்டால் வரிசை எங்கே முடிகிறது என்று பார்க்க வந்தேன் என்கிறார். உன் தம்பி கடை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. சின்னக் கடை, மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். சுவர் முழுக்கக் கண்ணாடி, எல்லாக் கண்ணாடியும் என்னைப் பார்த்தது. அவன் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தான். இளைத்திருக்கிறான். நான் நினைத்து வைத்துக்கொண்டு போகவில்லை, வாயில் வந்ததுதான், "தப்பு என் மேலதாண்டா. மன்னிச்சுக்கோ" என்றேன். அவன் லென்ஸைக் கீழே வைத்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் போதகர் என் தோளுக்குப் பின்னாலிருந்து, முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல், "தப்பு என் மேலதாண்டா. மன்னிச்சுக்கோ" என்றார். கடைசியில் வருகிற 'டா'வைக்கூட விடவில்லை. நான் நகர்ந்தேன், அவர் நகர்ந்தார், நர்ஸ் வந்து நின்று, "தப்பு என் மேலதாண்டா. மன்னிச்சுக்கோ." தையல்காரர். பேக்கரிக்காரர். உன் தம்பி முதல் நாலு பேர் வரைக்கும் கல்லு மாதிரி நின்றான், ஐந்தாவது ஆளுக்கு உதடு கோணியது, ஏழாவது ஆளுக்குச் சிரித்துவிட்டான், ஒன்பதாவது ஆளுக்குச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான், குடைக்காரம்மா குடையை மடக்காமல் உள்ளே வந்து சொல்லும்போது கல்லாப்பெட்டியில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினான். கடைசியில் மணியடிக்கிறவர். அவர் அதையே சொன்னார், சொல்லிவிட்டுப் போகாமல் நின்று, குரலை இறக்கி, "தம்பி, நீங்க படிப்ப விட்டுட்டு வந்தப்ப முற்றத்துல வச்சு உங்களக் கிண்டல் பண்ணினேன். அது நிஜமாவே என் தப்பு" என்றார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி, "எனக்கு விவரம் தெரியாதுங்க சார், இருந்தாலும் மன்னிச்சுக்குங்க" என்றார்.

உன் தம்பி என்னிடம் மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை, அவனுக்குப் பேச வராது என்று அவன்தான் அன்றைக்கே சொன்னானே. என் காதிலிருந்து நூலை அவிழ்த்தான். கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இத வச்சுக்கிட்டா இத்தன நாள் நடந்தீங்க? கீழ விழாம இருந்தது ஆச்சரியம்மா" என்றான். நாற்காலியில் உட்கார வைத்து எதிரில் எழுத்துப் பலகையை மாட்டி வாசிக்கச் சொன்னான். நான் வாசித்தேன், நான் வாசித்ததைப் போதகர் வாசித்தார், அவர் வாசித்ததைத் தெரு வரைக்கும் நின்ற வரிசை வாசித்தது, நாலாவது வரியில் நான் தப்பாகச் சொன்னதைக் கழுகுப் பார்வைத் தச்சரும் தப்பாகவே சொன்னார். அவன், "மத்தவங்க கொஞ்சம் வாய மூடுங்க, இது என் அம்மாவோட கண்ணு" என்று ஒரு அதட்டல் போட்டான். என் குரல் அப்படியே. அப்புறம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுத்தான், தச்சர் வந்துவிட்டுப் போன புதன்கிழமை சாயங்காலமே எனக்கென்று எடுத்து வைத்ததாம். அம்மா வருவாங்கன்னு நெனச்சியாடா என்று கேட்டேன். "வரமாட்டீங்கன்னுதான் நெனச்சேன். அப்பாகிட்ட குடுத்து மேச மேல வைக்கச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றான். அப்பா குட்டு அப்படித்தான் உடைந்தது.

லென்ஸ் போட்டு முடிக்க மதியம் ஆகிவிட்டது, பன்னிரண்டு தாண்டி வகுப்பு நேரம் முடிந்துவிட்டது, ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை, போலீஸ்காரர் மட்டும் சந்திப்பில் ஹாரன் சத்தம் தாங்காமல் ஓடினார். உன் தம்பி கடையைப் பூட்டிவிட்டு, என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். நான் அவன் பின்னால் நடந்தேன். போதகர் என் பின்னால். அந்த இரண்டு நிமிஷ வழிக்கு எனக்கு முன்னால் யார் என்று சந்தேகமே வரவில்லை. வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவனை மேலிருந்து கீழே பார்த்தார், அவன் கடைக் கோட்டைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தான், வெள்ளைக் கோட்டு, முழங்கால் வரைக்கும். அப்பா என் பக்கம் திரும்பி, "சரிதான், அங்கியோடதான் வந்திருக்கான். உள்ள விடு" என்றார்.

சனிக்கிழமை போதகர் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார். அதில் கீழே, பயிற்சி கொடுத்தவர் என்று ஒரு கோடு இருக்கிறது, அதில் உங்கள் பெயரைத்தான் போட வேண்டும் என்று என்னிடம் வந்து நின்றார். என்னைப் பின்பற்றி ஐந்து நாள் எங்கே போனீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமே, அந்தக் கோட்டில் எழுத வேண்டிய பெயர் வேறே, அது உங்களுக்கே தெரியும் என்றேன். யோசித்துவிட்டு வெற்றாகவே விட்டுவிட்டார். நோட்டில் இடுக்கமான பாதை என்று எழுதியதையும் அடித்துவிட்டேன், வெறும் ஐஸ் ஃபாக்டரி என்று எழுதிவிட்டேன் என்றார். நர்ஸ் ஆறு வருஷமாகப் பேசாத தன் அக்கா வீட்டுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலமே போயிருக்கிறாள், ஒத்திகை நல்லா ஆயிருந்துச்சு அம்மா, அதனால வாய் தானா வந்துச்சு என்றாள். காய்கறிக்காரரிடம் நான் தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னைக் கண்டதும் பின்னால் எத்தனை பேர் என்று எட்டிப் பார்த்தார், பாவம்.

இப்போது புரிந்திருக்கும், எழுத்து ஏன் கோட்டின் மேல் நிற்கிறது என்று. கை எப்போதும் நடுங்கவில்லை, கோடுதான் தெரியவில்லை. இன்னொரு விஷயம், சொல்ல வெட்கமாக இருக்கிறது. புதுக் கண்ணாடியைப் போட்டதும் முதல் வேலையாகப் பேத்தி போட்டோவை எடுத்துப் பார்த்தேன். இடது பக்கம் தலையைச் சாய்த்து அடக்கமாக நிற்கிறது யார் பிள்ளையோ. நம் பேத்தி வலது பக்கத்தில், கோப்பையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அதுதான் உன்னை மாதிரி என்கிறார் உன் அப்பா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் மறுபடி காட்ட வேண்டும். அந்த இன்னொரு பிள்ளையின் தாயாரைப் பார்த்தால், உங்கள் மகளை ஒரு சபையே மெச்சியது என்று என் சார்பில் சொல்.

உன் தம்பிக்கு நீயே ஒரு கடிதம் எழுது, நான் எழுதச் சொன்னேன் என்று எழுதாதே. மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பேப்பர் படிக்கிறார் என்று போன தடவை சொன்னாய், பரிசோதித்துப் பவரை அனுப்பி வை, இங்கே நம் கடையில் போட்டு அனுப்புகிறோம். நம் கடை என்று எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை. ஆண்டவர் உங்கள் மூன்று பேருக்கும் முன்னால் போவாராக. அவர் எங்கே திரும்பினாலும், அந்தத் தெருவில் உங்களுக்குப் பிடிக்காத ஆள் இருந்தாலும், கூடவே திரும்பக் கால் கொடுப்பாராக. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க நானே போகிறேன். இத்தனை நாளும் டிப்போ பக்கத்துப் பெட்டியில் போட்டேன், அதில் இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் எடுப்பார்கள். நல்ல தபால்பெட்டி கடைத்தெருவில், கண்ணாடிக் கடைக்கு எதிரிலேயே இருக்கிறது. அதனால் இனிமேல் என் கடிதங்கள் ஒரு நாள் முன்னதாக வந்து சேரும்.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா
(ஐந்தாம் வகுப்பு, சீடத்துவச் சான்றிதழும் உண்டு)